எல்லைச் சாமியும் எங்கள் லயத்து வீடும்

பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இளையோருக்காக அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் சொற்பொழிவாளன் இல்லை. இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். தேவாரத்தில் நாலு பதிகம் பாடத் தெரியும், அவ்வளவுதான். பேசி முடித்ததும் மன்றத்துச் செயலாளர் அண்ணன், "தம்பி, இத அப்படியே எழுதிக் குடு, இதழ்ல போடுவோம்" என்றார். அப்படியே எழுத வரவில்லை. அன்றைக்கு மேடையில் தைரியம் வராமல் விழுங்கிவிட்ட ஒரு விஷயத்தையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் நெகிரி செம்பிலானில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பக்கம். பேர் சொல்ல மாட்டேன். ஏன் என்பது பின்னால் தெரியும். தாத்தா காலத்தில் ரப்பர், அப்பா காலத்தில் செம்பனை. லயங்களில் பாதி இடிந்து கிடக்கிறது. சனங்கள் ரந்தாவ், சிரம்பான் என்று தாமான்களில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஆனாலும் திருவிழா என்றால் எல்லாரும் வந்துவிடுவார்கள். அப்படி வரும்போது முதலில் கண்ணில் படுவது மாரியம்மன் இல்லை. தார் ரோட்டை விட்டு செம்மண் ரோட்டில் திரும்பும் முனையில் நிற்கிற முனீஸ்வரன். கையில் அரிவாள், முன்னால் யாரோ கொளுத்தி வைத்த சுருட்டு. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் இன்றைக்கும் அங்கே ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டேன்: "ஏன் பாட்டி, இந்தச் சாமி மட்டும் கோயில்ல இல்லாம ரோட்டுல நிக்குது?"

"உள்ள இருக்கறவங்க தூங்கணும்ல. அதுக்கு ஒருத்தர் வெளிய முழிச்சிருக்கணும்" என்றார்.

எல்லை என்றால் நமக்கு உடனே தடைதான் ஞாபகம் வருகிறது. போகாதே, பேசாதே, சிரிக்காதே. முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. ஆனால் எல்லைச் சாமி உள்ளே இருப்பவர்களைப் பூட்டி வைக்க நிற்கவில்லை. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார். காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது என்கிறோமே, அந்தக் காப்பும் அப்படித்தான். கையில் கட்டும் கயிறுக்கும் பாதுகாப்புக்கும் தமிழில் ஒரே சொல்.

சமயப் பேச்சில் எல்லை என்று ஆரம்பித்தாலே யாராவது இலட்சுமணன் கோட்டைக் கொண்டு வந்துவிடுவார்கள். சீதை கோட்டைத் தாண்டினாள், அதனால்தான் கஷ்டம் வந்தது, ஆகவே பெண்ணே நீ தாண்டாதே என்று. நானும் சமய வகுப்பில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். பிறகு தேடிப் பார்த்தால், வால்மீகி சொல்லும் ஆரணிய காண்டத்தில் அந்தக் கோடே இல்லை. கம்பனிலும் இல்லை. பின்னால் வந்த கதைகளில் சேர்ந்தது அது. ஆனால் இரண்டு பேரும் விடாமல் சொல்கிற ஒன்று உண்டு: இராவணன் சந்நியாசி வேஷத்தில் வந்தான். விருந்தினரை உபசரிக்கிற நல்ல குணத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்தான். இன்றைய பேச்சில் சொன்னால் போலிக் கணக்கு. புரொஃபைல் படத்தில் காவி, உள்ளே பத்துத் தலை. குற்றம் கதவைத் திறந்தவள் மேலா, வேஷம் போட்டு வந்தவன் மேலா? இந்தக் கேள்விக்கு நாம் எல்லாரும் சரியான பதிலைச் சொல்வோம். பிறகு டிக்டாக்கில் ஒரு பெண் மிரட்டப்பட்டாள் என்று கேள்விப்பட்டதும் முதல் வேலையாக, "இவ எதுக்கு லைவ் போனா?" என்று கேட்போம்.

இப்போது லயத்து வீட்டுக்கு வருகிறேன்.

பழைய லயம் எப்படி இருக்கும் என்று தாமானில் பிறந்த தம்பி தங்கச்சிகளுக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு தடுப்பு; அதுவும் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்கும். கடைசி வாரத்தில் அரிசி இல்லாமல் டப்பாவைச் சுரண்டுகிற சத்தம்கூடக் கேட்கும் என்பார் பாட்டி. யாருக்கும் ரகசியம் என்று ஒன்று இருக்க முடியாத இடம். வெளியிலிருந்து பார்த்தால், தமிழர்களுக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் அங்கே ஒரு முறை இருந்தது. வாசல் திறந்தே கிடந்தாலும் வெளியே நின்று "யக்கா" என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் உள்ளே போவார்கள். ராத்திரி பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டிருக்கும். காலையில் குழாயடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தால், "முகம் ஏன் வீங்கியிருக்கு" என்று நாலு பேர் முன்னால் கேட்கமாட்டார்கள். ஆனால் அடி விழுகிற சத்தம் கேட்டால் சும்மா இருக்கமாட்டார்கள். பாட்டியே ஒரு தடவை விறகுக் கட்டையோடு போய் நின்றிருக்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. பாட்டி பள்ளிக்கூடம் போனதே இல்லை. "கேட்டது காதோட போவணும், வாய்க்கு வரக் கூடாது" என்று மட்டும் அடிக்கடி சொல்வார். வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம், அடுத்ததாகப் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று 20 குறளில் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தக் காலத்திலும் புறணி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. குழாயடியில் எல்லாம் ஓடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. முனீஸ்வரன் நிற்கிற முனையைத் தாண்டிப் போகாது. போனாலும் பக்கத்துத் தோட்டம் வரைக்கும். ஆறு மாதத்தில் மறந்துபோகும். இப்போது நம் கையில் இருக்கிற கைப்பேசிக்குத் தடுப்புச் சுவரும் இல்லை, தோட்டத்து முனையும் இல்லை, மறதியும் இல்லை.

2024 ஜூலை 5. கோலாலம்பூரில் ராஜேஸ்வரி என்கிற 30 வயதுப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஈஷா என்ற பேரில் சமூக ஊடகத்தில் பலருக்கும் தெரிந்தவர். டிக்டாக்கில் அவரைத் தொடர்ந்து அசிங்கமாகப் பேசினார்கள், மிரட்டினார்கள். இறப்பதற்குச் சற்று முன்புதான் போலீசில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் ஒரு பெண் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 100 ரிங்கிட் அபராதம். 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு அதிகபட்சமே அவ்வளவுதான். நாடே கொதித்தது. அதற்கும் நாலு வருஷத்துக்கு முன்னால், 2020-ல், பினாங்கில் 20 வயதுப் பெண் ஒருவர். கூட வேலை செய்கிறவரோடு விளையாட்டாக எடுத்த டிக்டாக் காணொளியை யாரோ எடுத்து முகநூலில் போட்டுக் கேவலப்படுத்தினார்கள். அவரும் இன்று இல்லை. இரண்டு பேரும் நம் வீட்டுப் பிள்ளைகள். கேலி செய்து சிரித்தவர்களிலும் நம் ஆட்கள்தான் நிறைய. இதை இன்னொருவர் தலையில் போட வழியில்லை.

சட்டம் இப்போது மாறிவிட்டது. குற்றவியல் சட்டத்தில் 507பி-யிலிருந்து 507ஜி வரை புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்திருக்கின்றன. மிரட்டுவது, இழிவாகப் பேசித் துன்புறுத்துவது, ஒருவருடைய விலாசத்தையும் போன் நம்பரையும் துன்புறுத்துவதற்கென்றே பரப்புவது எல்லாம் இப்போது சிறைக்கு உரிய குற்றம். தூண்டிவிட்டு, அதனால் ஒருவர் தற்கொலைக்கு முயன்றால் 10 ஆண்டு வரை போகலாம். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் என்றாலும் சரி, "சும்மா விளையாட்டுக்கு லா" என்று சொல்கிற ஆள் என்றாலும் சரி.

ஆனால் சமய மேடையில் நான் பேச வந்தது சட்டத்தைப் பற்றி இல்லை. சபையைப் பற்றி.

பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்த அன்று, இழுத்தவன் ஒருவன், சொன்னவன் ஒருவன், ஏளனம் செய்தவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள்? பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கேள்வி கேட்டாள்: என் கணவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு என்ன உரிமை? எவ்வளவு கூர்மையான கேள்வி பாருங்கள். ஒருத்தியை அவளுடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவர் பணயம் வைக்க முடியுமா என்று, அந்த நிலையிலும் தன் எல்லை எது என்று அவள் கேட்கிறாள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். விதுரர் பேசுகிறார், யாரும் கேட்கவில்லை. அப்போது எழுந்தவன் விகர்ணன். துரியோதனனுடைய சொந்தத் தம்பி. நூறு பேரில் ஒருவன், வயதில் இளையவன். பெரியவர்களே பதில் சொல்லுங்கள் என்று கேட்கிறான். அவர்கள் வாய் திறக்காததால், அவள் வெல்லப்படவில்லை என்று தானே தீர்ப்பும் சொல்கிறான். கர்ணன் அவனை, சின்னப் பையன் உனக்கென்ன தெரியும் என்று அடக்கிவிடுகிறான்.

விகர்ணன் பேசியதால் அன்று எதுவும் நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் அவன்தான். அவனுக்கு நம் வயதிருக்கும். அவன் எதிர்த்துப் பேசியது எதிரியை இல்லை, தன் சொந்த அண்ணனை; தன் சொந்த குரூப்பை. வாட்ஸ்அப் குரூப்பில் நம் நண்பன் ஒரு பெண்ணுடைய படத்தைப் போட்டு கீழே ஏதாவது எழுதும்போது, "மச்சான், இத அழிச்சிரு" என்று ஒரு வரி தட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். பாரதியார் பாஞ்சாலி சபதத்தில், அவளை வீதி வழியாக இழுத்துப் போனபோது வேடிக்கை பார்த்து நின்ற சனங்கள் மேல் பொரிந்து தள்ளுகிறார். வெறுமனே புலம்பியவர்களையும் அவர் விடவில்லை. ஈஷா இறந்த பிறகு நம் ஸ்டேட்டஸ்களில் எத்தனை மெழுகுவர்த்தி எரிந்தது என்று நினைத்தால், அந்த இடம் எனக்குச் சுடுகிறது.

இனி, மேடையில் விழுங்கிய விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய திருவிழாவில் கோலாட்டம். எனக்கு முறைக்குத் தங்கச்சியாக வேண்டிய ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். நடுவில் தாளம் தப்பி, கோல் கைநழுவி விழுந்து, குனிந்து எடுக்கப் போய்ப் பாவாடை தடுக்கித் தடுமாறினாள். 11 விநாடி. நான் எடுத்திருந்தேன். எடுத்ததோடு நிற்கவில்லை. கீழே ஒரு வரி எழுதி எங்கள் தோட்டத்துப் பையன்கள் குரூப்பில் போட்டேன். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன். சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் யாரோ சினிமா காமெடி வசனத்தை ஒட்டி டிக்டாக்கில் ஏற்றிவிட்டான். மறுநாள் அவள் படிக்கிற பள்ளி வரைக்கும் போய்விட்டது.

நான் ஆரம்பித்தது என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை. கோலாட்டக் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். பாட்டிதான், "அந்தப் புள்ள ஏன் வர்றதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈஷாவின் செய்தி வந்த அன்று, விடுதி அறையில் அதைப் படித்துவிட்டு முதலில் எனக்கு ஞாபகம் வந்தது அந்த 11 விநாடிதான். என்னவோ பயமாகிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டு, வேறு எதையோ கேட்பது போல அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இருக்கிறாள் என்று அம்மா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் மூன்று வகைத் தவம் சொல்கிறார்: உடலால், வாக்கால், மனத்தால். வாக்குத் தவம் என்பது பிறர் மனத்தைக் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தருகிற பேச்சு. நான் போட்ட காணொளி உண்மைதான், யாரும் மறுக்க முடியாது. கோல் விழுந்தது நடந்ததுதான். நாலில் ஒன்று இருந்தது. மற்ற மூன்றும் இல்லை. "உண்மையத்தானே போட்டேன்" என்று நாம் சொல்வதெல்லாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிற பேச்சு.

காதலிக்கிறவர்களுக்கும் கொஞ்சம். (பெரியவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.) என் அறை நண்பன் ஒருவனிடம் அவன் தோழி, "என்மேல நம்பிக்கை இருந்தா பாஸ்வேர்ட் குடு" என்றாள். கொடுத்தான். பிறகு இவனும் அதையே கேட்டான். பிறகு லொகேஷன். பிறகு யார் யாருக்கு லைக் போட்டாய் என்று ராத்திரி 2 மணிக்கு விசாரணை. நம்பிக்கையில் ஆரம்பித்தது, மூன்று மாதத்தில் லாக்கப் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பாடத்தில் ஒன்று உண்டு: சுழலுகிற தண்டுக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி விடவேண்டும். கிளியரன்ஸ் என்போம். எண்ணெய் நிற்பதே அந்த இடத்தில்தான். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், இயந்திரம் நின்றுவிடும். அதற்காக இயந்திரப் பாடம் வேண்டாம், அர்த்தநாரீசுவரரைப் பாருங்கள். உடம்பே ஒன்று. அதைவிட நெருக்கம் கிடையாது. ஆனாலும் ஒரு காதில் குழை, மறு காதில் தோடு. அம்மையின் தோட்டை ஐயன் கழற்றி மாட்டிக்கொள்ளவில்லை.

படம் கேட்டால்? தர வேண்டாம். கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். ஆனால் ஏற்கனவே கொடுத்துவிட்டு, இப்போது அதை வைத்து மிரட்டப்படுகிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். வந்த செய்திகளை அவமானமாக இருக்கிறதென்று அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், போலீசுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுத்தது தப்புக் கணக்காக இருக்கலாம், மிரட்டுவதுதான் குற்றம். வீட்டில் சொல்ல முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற நிலை வந்தால் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். தாலியான் காசே 15999. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பழைய பிரிவை 2023-லேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே உதவி கேட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

போன தீபாவளி விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது தாமானில் இருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தேன். அத்தை வந்து, "வாய்யா, என்ன வெளியவே நிக்கற" என்றார். தங்கச்சியைக் கூப்பிடுங்கள் அத்தை, அவள் வரச் சொன்னால் வருகிறேன் என்றேன். அவர் விநோதமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவள் வந்தாள். அந்த வீடியோவை எடுத்ததும் எழுதியதும் நான்தான் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்ணே" என்றாள். "ரொம்ப நாளாத் தெரியும்."

எனக்குப் பேச வரவில்லை. அவள்தான் தொடர்ந்தாள். "மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்ல முடியாது. யார் யாருக்கு அனுப்பினீங்களோ, அவங்ககிட்டப் போய் இதே மாதிரி சொல்லுங்க."

கேட்டைத் திறக்கவில்லை. அது அவள் உரிமை. நான் அன்று ராத்திரி அதே குரூப்பில், 43 பேர் இருக்கிற குரூப்பில், நடந்ததை எழுதி என் பேரையும் போட்டேன். இரண்டு பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். ஒருவன் சிரிப்புப் பொம்மை போட்டான். ரொம்ப நேரம் கழித்து, காணொளியில் வசனம் ஒட்டினவன் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்: "அத எறக்கிட்டேன் மச்சான். அவகிட்ட நானும் வந்து சொல்லணுமா?"

இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். தோட்டத்தின் பேரையும் அவள் படித்த பள்ளியின் பேரையும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன். இன்னொரு வரியும் எடுக்கச் சொன்னாள். அது எந்த வரி என்றும் சொல்ல வேண்டாம் என்றாள். இந்த வருஷக் கோலாட்டத்தில் அவள் ஆடவில்லை. ஆனால் பயிற்சி நடந்த ஒரு சாயங்காலம், சின்னப் பிள்ளைகளுக்குத் தாளம் தட்டிக்கொண்டு கோயில் மண்டபத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள் என்று பாட்டி சொன்னார். பாட்டிக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறேன்.